மைத்திருகும் அப்பாவின் முகமும்



சிடாம் கிரி வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தகப்பனார் காலமாகி ஓராண்டு நிறைந்தபோது, பிள்ளைகள் காசு சேர்த்து நாளிதழ் ஒன்றில் நினைவஞ்சலி போட்டிருக்கிறார்கள். "ஐயா, எங்கள் அப்பா நல்ல மாநிறம். பேப்பரில் கண்ணும் மூக்கும் தெரியாமல் கரிக்கட்டையாக வந்துவிட்டார். அம்மா அதை வெட்டி வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. இது யார் குற்றம்?" என்று கேட்கிறார்.

குற்றம் யாருடையது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லலாம். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அச்சகங்களில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கும் அது உதவும்.

தமிழ் நேசன் 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கியபோது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் அச்சடித்தார்கள். (அந்த ஏடு 2019 ஜனவரியோடு நின்றுபோனது நம்மில் பலருக்கு வீட்டில் ஒருவர் போனது போலத்தான்.) இப்போது நாளிதழ்கள் எல்லாம் ஆப்செட். இதில் எழுத்து மேடாக இருக்காது. ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டில் எழுத்துள்ள இடம் மையைப் பிடிக்கும்; வெற்றிடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை விலக்கும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று சமையற்கட்டில் நாம் காண்பதுதான் இதன் அடிப்படை. 1796 வாக்கில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனிபெல்டர் என்பவர் கல்லைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்.

தகடு நேராகத் தாளைத் தொடுவதில்லை. முதலில் ஒரு ரப்பர் விரிப்பில் பதிந்து, அதிலிருந்துதான் தாளுக்குப் போகிறது. 1904-இல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்ற அச்சுக்காரர் தாள் போடத் தவறிய ஒரு சுற்றில், படம் ரப்பர் உருளையில் ஒட்டிக்கொண்டது. அடுத்த தாளின் முதுகில் அது பதிந்தபோது, முன்பக்கத்தைவிடத் துல்லியமாக இருக்கக் கண்டார். அந்நாளில் உலக ரப்பரில் பெரும்பங்கு பிரேசில் காட்டிலிருந்து போனது. நம் பக்கத்துத் தோட்டங்களில் மரங்கள் கன்றுகளாக நின்ற காலம். இன்றைக்கு அந்த விரிப்பும் மை உருளைகளும் பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான். மையின் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும்.

இனி மைக்கு வருவோம். இயந்திரத்தின் தலைமாட்டில் நீளமான மைத்தொட்டி. அதன் அடியில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு, சுழலும் ஓர் உருளையை ஒட்டினாற்போல் நிற்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள சந்து வழியாகத்தான் மை வெளியே வரும். அந்தச் சந்தை வரிசையாக நிற்கும் திருகுகள் இறுக்கும், தளர்த்தும். பெரிய இயந்திரங்களில் 102 சென்டிமீட்டர் அகலத்துக்கு 32 பிரிவுகள் இருக்கும். தாள் ஓடும் திசையில் ஒரே நேரில் வருவது அத்தனையும் ஒரே திருகின் பொறுப்பு. ஒரு நிரை ஒருவர் கையில் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரியின் அப்பாவுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இங்கேதான். அவர் படத்துக்கு நேர்மேலே அல்லது நேர்கீழே கொட்டை எழுத்துத் தலைப்போ, முழுக்கக் கறுப்புப் பூசிய விளம்பரமோ இருந்திருக்கலாம். அது வெளுத்துப் போகாமலிருக்கத் திருகைத் தளர்த்துவார்கள். அந்த மை அப்பாவின் முகத்திலும் ஏறும். படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகள். நாளிதழில் ஓர் அங்குலத்துக்கு 85 முதல் 100 வரிப் புள்ளிகள். சொரசொரப்பான தாள் மையை உறிஞ்ச, புள்ளி பருத்துவிடும். பாதி மூட வேண்டிய இடம் முக்கால்வாசி மூடியது போலத் தெரியும். மாநிறத்து முகம் ஏற்கெனவே பாதிக்கு மேல் புள்ளி. அதில் இன்னும் கொஞ்சம் மை என்றால் கண்ணுக்கும் மூக்குக்கும் இடம் ஏது? வெளுத்த முகம் இந்தத் தவற்றைத் தாங்கிக்கொள்ளும். நம் முகம் தாங்காது. மையைக் குறைத்தால் விளம்பரக்காரர் சண்டைக்கு வருவார். இரவு இரண்டு மணிக்கு, லாரி வாசலில் நிற்கும்போது, மிஷின்காரர் யார் பக்கம் சாய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திருகு வைப்பதில் ஒரு முறை இருக்கிறது. தகட்டை முதலில் கண்ணால் பார்த்து, எந்த நிரையில் எழுத்து மிகுதி, எந்த நிரையில் வெற்றிடம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நடுத் திருகிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் எஃகுத் தகடு நெளியும். ஒன்றைத் தளர்த்தினால் பக்கத்துத் திருகுகளின் சந்தும் சற்றே திறக்கும் என்பதை மறக்கக்கூடாது. தொடக்கத்தில் மை குறைவாகவே இருக்கட்டும். குறைந்த மையைக் கூட்டுவது சுலபம். கூடிய மை உருளைகளில் ஏறிவிட்டால், திருகை மூடிய பிறகும் பல தாள்கள் கறுத்தே வரும். அதனால்தான் ஒரு திருப்பம் திருப்பிவிட்டுக் கொஞ்சத் தாள் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பொறுமையில்லாதவர் உடனே இன்னொரு திருப்பம் கொடுப்பார். பிறகு இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். எல்லா இடமும் ஒன்றாக வெளுத்தால் திருகுகளைத் தொடவே வேண்டாம். உருளை சுழலும் அளவைக் கூட்டினால் போதும்.

மையைத் தொடுமுன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் வெற்றிடமெல்லாம் அழுக்குப் படரும். கூடினால் மையோடு கலந்து கறுப்பு சாம்பலாகும். உடனே மையைக் கூட்டத் தோன்றும், பிறகு தண்ணீரைக் கூட்டத் தோன்றும், இப்படியே ஒரு ரீம் தாள் குப்பைக்குப் போகும். தகடு சுத்தமாக ஓடுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த தண்ணீர் எதுவோ, அதுவே சரி.

தமிழுக்கு இதில் தனிப் பாடு உண்டு. மை மிஞ்சினால் 'ண', 'ஞ' இவற்றின் வளைவுகள் அடைந்துபோகும். குறைந்தால் புள்ளி விழுந்துவிடும். 'கண்' என்பது 'கண' ஆகும். என் வகுப்பில் பிள்ளைகள் சோதனைத்தாளில் இல்லாத புள்ளியைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ரோமன் எழுத்து மட்டும் அச்சடித்துப் பழகியவர் கண்ணுக்கு அது தெரியாது. அங்கே தமிழ் படித்த பிள்ளை ஒருவன் நின்றால் முதல் தாளிலேயே பிடித்துவிடுவான்.

நாலு நிறம் என்றால் இந்த வேலையை நாலு முறை செய்ய வேண்டும். சிவகாசிக் காலண்டரில் முருகனின் கன்னம் சிவந்து ரோசமாகத் தெரிந்தால், செந்நிறத் திருகு சற்றே மிஞ்சியிருக்கிறது என்று பொருள். தீப்பெட்டிச் சீட்டு அடிக்கத் தொடங்கிய ஊர் அது. இன்று உலகத்துக்கே காலண்டர் அடிக்கிறது. பெரிய அச்சகங்களில் தகடு செய்யும்போதே எந்தப் பிரிவுக்கு எவ்வளவு மை என்று கணினி கணக்கிட்டு அனுப்பிவிடுகிறது. மேசையிலிருந்தே திருகை நகர்த்தும் வசதியை ஹைடல்பர்க் நிறுவனம் 1977-இலேயே கொண்டுவந்தது. ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறு அச்சகங்களில் இன்னும் விரலும் கண்ணும்தான்.

சகோதரிக்கு என் யோசனை: அடுத்த ஆண்டு அஞ்சலி போடும்போது, வெயிலில் எடுத்த, முகத்தில் வெளிச்சம் விழுந்த படமாகத் தேடிக் கொடுங்கள். அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கினால் தெளிவு வராது. பின்புறம் வெளிறியிருக்கட்டும், சுற்றிலும் கறுப்புப் பட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள். படத்தை நாளிதழுக்கு ஏற்றபடி வெளிறாக்கித் தரும்படி அலுவலகத்தில் கேளுங்கள். அது அவர்களுக்குத் தெரிந்த வேலைதான், கேட்டால் செய்வார்கள். இந்த ஆண்டுக்கு, நல்ல தாளில் அப்பாவின் படத்தை ஒரு போட்டோ கடையில் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

அச்சகத்தில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. உருளையைத் துடைக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். ஓடும் உருளையில் துணியை வைத்தால் துணியோடு கையும் போகும். சட்டைக் கையை மடித்துவிடுங்கள், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். உருளை கழுவும் எண்ணெயின் ஆவி தலைசுற்றும், தீயும் பிடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் சிகரெட் வேண்டாம்.