எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரட்டும்

ஏழை எளியவர்களின் வாசலில் பேனாவும் காகிதமுமாக வந்து நிற்கும் ஆராய்ச்சி மாணவ மாணவியருக்கும், அவர்களை அனுப்பும் கல்லூரிகளுக்கும் இந்தப் பகுதி மூலமாக ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேட்டு எழுதிக்கொண்டு போனால், முடிந்ததும் திரும்பி வந்து சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் சமூகப்பணியில் பிஎச்.டி. செய்கிறாள். இருளர் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி. வெளியூர்ப் பெண், தனியாகப் போகத் தயங்கினாள் என்று வண்டலூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு இருளர் குடியிருப்புக்குத் துணைக்குப் போனேன். பத்துப் பக்கத்துக்குக் கேள்விகள். எத்தனை பிள்ளைகள், என்ன வேலை, கடன் எவ்வளவு, வீட்டுக்காரர் குடிப்பாரா, அடிப்பாரா... நம்மிடம் யாராவது வந்து இப்படிக் கேட்டால் கதவைச் சாத்திவிட மாட்டோமா? அவர்கள் பாய் போட்டு உட்காரவைத்துப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

"சாதி சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டதற்கு ஒரு அம்மா இல்லை என்றார். இவளும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். உடனே அந்த அம்மா, "இதே கேள்விய நாலு பேர் கேட்டுட்டாங்க கண்ணு. எல்லாரும் இல்லன்னு எழுதிக்கினு போனாங்க. எங்க போயி வாங்கணும்னு ஒருத்தரும் சொல்லல. எம் பொண்ணு எட்டாவது படிக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பழங்குடி இனச் சான்றிதழை கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மாடிப் பெண் விசாரித்து, எங்கே மனு கொடுப்பது, என்னென்ன காகிதம் வேண்டும் என்று தமிழில் எழுதி, அடுத்த முறை போனபோது கொடுத்தாள். சான்றிதழ் இன்னும் வரவில்லை. ஆனால் எந்த ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும் என்றாவது அந்த அம்மாவுக்கு இப்போது தெரியும். இதற்கு ஆன செலவு பஸ் சார்ஜும் ஒரு தாளும்தான்.

அறிவு என்பது ஒருபக்கமாகப் போகிற சரக்கு இல்லை. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத்தோல் தொழில் நின்றுபோய் இருளர்கள் பிழைப்பில்லாமல் தவித்தார்கள். அவர்களிடம் பாம்பைப் பற்றிக் கற்றுக்கொண்ட ரோமுலஸ் விட்டேகர் கற்றதோடு போய்விடவில்லை. அவர் துணை நிற்க, 1978-ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்புக்கடி மருந்துக்கான விஷம் அங்கிருந்து போய் எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது. 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை அழைக்கப்பட்ட மாசி சடையனும் வடிவேல் கோபாலும் இந்த இருளர்கள்தான். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கேட்டுத் தெரிந்துகொண்டவர் திருப்பிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவில் சான் என்ற ஆதிகுடி மக்கள், ஆராய்ச்சியாளர்கள் வந்து வந்து போவதைப் பார்த்துச் சலித்து, 2017-ல் தாங்களே ஒரு நெறிமுறை எழுதிவிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்கிறார்கள். நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில், பழங்குடியினர் போன்ற நலிந்த பிரிவினரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று இருக்கிறது. அது மருத்துவ, சுகாதார ஆராய்ச்சிக்கு. பிஎச்.டி. புத்தகங்களை இப்போது 'சோத்கங்கா' என்ற இணையதளத்தில் யாரும் படிக்கலாமாம். நல்ல விஷயம்தான். ஆனால் இங்கிலீஷில் முந்நூறு பக்கம் இருந்தால், பதில் சொன்ன அந்த அம்மாவுக்கு என்ன புரியும்?

மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-ல் சென்னையில் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பேர் இந்தப் படிப்பைப் படித்து வருகிறார்கள். பெயரிலேயே 'பணி' இருக்கிறதே! அதனால் நான் கேட்பது மூன்றே விஷயம். முதலாவது, கூலி போகிற நேரத்தில் போகாதீர்கள். எதற்குக் கேட்கிறோம், இஷ்டமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்பதைத் தமிழில் முதலிலேயே சொல்லுங்கள். இரண்டாவது, ரேஷன் கார்டு, சான்றிதழ், உதவித்தொகை என்று எதைப் பற்றிக் கேட்டாலும், அதை வாங்கும் வழியையும் எழுதி எடுத்துப் போங்கள். மூன்றாவது, ஆராய்ச்சி முடிந்ததும் கண்டுபிடித்ததை இரண்டு பக்கம் தமிழில் எழுதி, அதே மரத்தடியில் வாசித்துக் காட்டுங்கள். பஞ்சாயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இதைச் செய்தால்தான் பட்டம் என்று பல்கலைக்கழகங்கள் விதி வைத்தாலும் நல்லதுதான்.

"பாவம், படிக்கிற பிள்ளைகள், கைட் சொன்னதைச் செய்கிறார்கள்" என்று சிலர் சொல்லலாம். அதுவும் நிஜம். அதனால்தான் கல்லூரிகளையும் சேர்த்துக் கேட்கிறேன். சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இந்தப் படிப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால், "மார்க் எவ்வளவு?" என்று கேட்பதோடு, "அந்த ஜனங்ககிட்ட போய்ச் சொல்லிட்டு வந்தியாம்மா?" என்றும் கேளுங்கள்.

- ஒரு வாசகி, வண்டலூர்