கை கழுவச் சொல்லும் முன் தண்ணீர் கொடுங்கள்

குழந்தைக்கு ரத்தபேதி என்றதும் தாயைக் கைகாட்டுவது நமக்குப் பழகிப்போன பதில். “கை கழுவியிருக்க மாட்டாள்.” குடல் நோய்க்கிருமிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் நான். இந்தப் பதில் பாதி உண்மைகூட இல்லை.

ரத்தபேதிக்கு முக்கியக் காரணம் ஷிகெல்லா. 1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டறிந்த கிருமி. நூறு கிருமிகளுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வரலாம். பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து, வெளியே தலைகாட்டாமலே அடுத்தடுத்த செல்லுக்குத் தாவுகிறது. அதை அழிக்க வரும் வெள்ளணுக்களும் அந்தச் சுவரைப் பிளந்துகொண்டுதான் வருகின்றன. குடல் புண்ணாகி, சளியும் ரத்தமுமாக வெளியேறுகிறது. சோறு இறங்காத நாட்களில் உடலின் புரதமும் அந்தப் புண்வழியே கசிகிறது. மெலிந்த குழந்தை மேலும் மெலிகிறது. அடுத்த தொற்று எளிதில் பிடிக்கிறது. திரும்பத் திரும்ப வந்தால் வளர்ச்சியே குன்றுகிறது. சில குழந்தைகளுக்குக் குடல் வீங்கி, ஓட்டை விழுந்து, உயிரே போகிறது.

இந்தக் கிருமியை ஆடும் மாடும் சுமப்பதில்லை. மனிதக் குடல்தான் அதன் வீடு. ஆகவே ஒவ்வொரு நோயாளிக் குழந்தையும் ஒரு சாட்சி: யாரோ ஒருவரின் மலம் அதன் வாய்வரை வந்திருக்கிறது. அந்த வழியைத் திறந்துவிட்டது யார்?

2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகள் நோயுற்ற பிறகே அது தெரியவந்தது. அங்கே பரவியது ஷிகெல்லா என்று நான் சொல்லவில்லை. மலம் வாய்க்கு வந்த வழியைச் சொல்கிறேன். அங்கே எந்தத் தாய் கை கழுவாமல் விட்டாள்?

“கிருமிக்குச் சாதி தெரியுமா?” என்பார்கள். தெரியாது. ஊர்த்தெருவோடு குழாயை நிறுத்தியவருக்குத் தெரியும். சாக்கடையைச் சேரிப் பக்கம் திருப்பியவருக்குத் தெரியும்.

கை கழுவினால் நோய் குறையும், மறுக்கவில்லை. கழுவத் தண்ணீர் வேண்டும். மருந்து கொடுத்துக் காப்பாற்றிய குழந்தையை அதே தண்ணீருக்குத் திருப்பி அனுப்புவது வைத்தியமா? அந்த மருந்துகளுக்கும் ஷிகெல்லா இப்போது பணிய மறுக்கிறது.

தோழர்களே, அடுத்த கிராமசபையில் மூன்று கணக்குகளைக் கேளுங்கள்: ரத்தபேதி கண்ட குழந்தைகள் எத்தனை, குழாயில் தண்ணீர் வரும் நேரம் எவ்வளவு, குடிநீர்ப் பரிசோதனை முடிவு என்ன. ஊருக்குத் தனியாக, காலனிக்குத் தனியாக. தர மறுத்தால், குழந்தைகளைக் கைகழுவியது யார் என்பது ஊரறியத் தெரிந்துவிடும்.