எல்லாப் பிள்ளைக்கும் மேடை

பள்ளி ஆண்டு விழா நெருங்கினால் இரண்டு பேச்சுகள் எழுவது வழக்கம். பாடம் நடக்க வேண்டிய நாட்கள் ஒத்திகையில் போகின்றன என்பது ஒன்று. பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரு நாளாவது கொண்டாட்டம் வேண்டாமா என்பது மற்றொன்று. இரண்டுமே விழாவைப் பாடத்துக்கு வெளியே நிறுத்துகின்றன. ஆனால் தென்காசி வட்டாரத்துப் பண்பொழி போன்ற ஊர்களின் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, ஊர் கூடும் பள்ளி விழாவே ஒரு பாடம். எல்லாப் பிள்ளைக்கும் அதில் பங்கிருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஆறு வரிக் கதை ஒன்றை ஊர் முன்னால் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதே வரிகளைப் பல நாள் திரும்பத் திரும்ப வாசிக்கும்; எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்று பழகும்; பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கும். ஒரு சிறு பகுதியைத் தடங்கலின்றி வரும்வரை வாசித்துப் பழகிய பிள்ளைகள் அடுத்த பகுதியையும் முன்பைவிட வேகமாக வாசிக்கத் தொடங்கினார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979-இல் எழுதினார். வகுப்பில் ஒரே பத்தியைப் பத்து முறை வாசிக்கச் சொன்னால் சலித்துப்போகும் பிள்ளை, கேட்க ஆள் இருக்கிறது என்றால் தானாகவே வாசிக்கும். தன்னம்பிக்கையின் கதையும் இதுதான். 'என்னால் முடியும்' என்ற எண்ணத்தின் ஊற்றுகளை 1977-இல் வகுத்துக் காட்டிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, ஒரு செயலைத் தானே செய்து முடித்த அனுபவத்தையே அவற்றில் வலுவானதாகக் கருதினார். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பதும், பிறர் சொல்லும் ஊக்கமும் அடுத்து வருகின்றன. இவை எல்லாம் ஒரே மாலையில் கூடிவரும் இடம் பள்ளி விழா.

எதிரே உட்கார்ந்து கேட்பவர் யார் என்பதும் முக்கியம். தென்காசி வட்டாரத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் தாய்மார் பலர். வயலுக்கும் தோப்புக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் பலர். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதோடு அவர்களுக்கும் பள்ளிக்குமான உறவு முடிந்துவிடக் கூடாது. எழுத்தறியாத ஆச்சிக்கு அட்டை எதையும் சொல்லாது. பேத்தி மேடையில் காய்கறிக் கடை வைத்து, கணக்குப் போட்டு மீதிச் சில்லறை தருவதைப் பார்த்தால் அவள் என்ன கற்றிருக்கிறாள் என்பது ஆச்சிக்குத் தெரிந்துவிடும். காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், பள்ளிக்கு வேண்டியதைக் கொடுப்பவர்களாக ஊர்மக்களை அழைத்துவந்தன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கு இடம் தந்தது. கொடுக்கவும் மேற்பார்வை செய்யவும் அழைக்கப்பட்டவர்களைப் பிள்ளை கற்றதைக் காணவும் அழைப்பதே அடுத்த படி.

மறுப்புகளில் நியாயம் உண்டு. சினிமாப் பாட்டுக்கு ஆடப் பழக்குவதில் ஒரு மாதம் போனால் பாட நேரம் வீண்தான். ஆனால் 2022-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பாட்டாலும் கதையாலும் செயல்பாடுகளாலும்தான் கற்பிக்கிறது. வகுப்பில் நடப்பதையே மேடைக்குக் கொண்டுவந்தால் தனி ஒத்திகை தேவையில்லை. கூச்சமுள்ள பிள்ளை மைக் முன்னால் திணறி, கூட்டம் சிரித்துவிட்டால் நம்பிக்கை உடைந்துபோகாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. உடையும், ஆகவேதான் பங்கை ஆளுக்கு ஏற்ப அளந்து கொடுக்க வேண்டும். அதற்கு நம் தென்மாவட்ட வில்லுப்பாட்டே வழி சொல்கிறது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் 'ஆமா' போட்டுப் பின்பாட்டு பாடுகிறார்கள். குடமும் உடுக்கையும் தாளமும் தனித்தனிக் கைகளில் இருக்கின்றன. இந்த ஆண்டு 'ஆமா' போட்ட பிள்ளை அடுத்த ஆண்டு இரண்டு வரி சொல்லும். செலவும் கூலி இழப்பும் உண்மையான தடைகள். வாடகை உடை வேண்டாம், வசூல் வேண்டாம், வேலை முடிந்து திரும்பும் மாலையில் பள்ளி முற்றத்திலேயே விழா நடக்கட்டும் என்று முடிவெடுத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா போன்ற போட்டிகள் திறமையுள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நல்லது. ஆறு வயதில் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஆண்டுக்கு ஒரு பெருவிழாவைவிட மூன்று சிறு விழாக்கள் மேல். கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படும் ஜூலை 15, குழந்தைகள் நாளான நவம்பர் 14, ஆண்டு விழா என நாட்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஜூலையில் சாரல் அடித்தால் வகுப்பறையே மேடையாகட்டும். பண்பொழியின் திருமலைக் குமாரசாமி கோயிலைப் பற்றியும், தங்கள் ஊர்க் குளத்தையும் வயலையும் பற்றியும் பிள்ளைகள் தங்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும். தலைமை விருந்தினர் உரையைச் சுருக்கி, அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். எத்தனை பரிசு கிடைத்தது என்று கேட்பதைப் பெற்றோர் நிறுத்திவிட்டு, மேடை ஏறாத பிள்ளை யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையைச் சட்டமே அவர்களுக்குத் தந்திருக்கிறது.