கிம் ஊ-பின்னுக்காக 20 எபிசோடு

கொரியத் தொடர்களைப் பேத்திதான் எனக்குப் பழக்கிவிட்டாள். அவள் படிப்பு, வேலை என்று போய்விட்டாள், நான் மாட்டிக்கொண்டேன். ஆங்கில எழுத்துவரியை விடப் பிரெஞ்சு வரி எனக்குச் சுலபம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கற்ற மொழி இந்த வயதில் இதற்காவது உதவுகிறது.

கிம் ஊ-பின்னை முதலில் பார்த்தது 'ஸ்கூல் 2013' தொடரில். நண்பனால் கால் உடைந்து, கால்பந்து விளையாட்டையே இழந்த பையன். நெடு நெடு என்று உயரம், கொஞ்சம் முரட்டு முகம். வாயைத் திறக்காமலே கோபத்தையும் பாசத்தையும் ஒன்றாகக் காட்டுவான். அதிலிருந்து அவன் நடித்தது எது கிடைத்தாலும் பார்ப்பேன். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் 2016இல் கேபிஎஸ்-2இல் வந்த 'அன்கன்ட்ரோலபிளி ஃபாண்ட்' தொடரின் 20 எபிசோடையும் பார்த்து முடித்தேன். நல்ல தொடர் என்று சொல்ல மனம் வரவில்லை.

கதை இதுதான். பெரிய நட்சத்திரமான சின் ஜூன்-யங்கிற்கு மூளையில் கட்டி, இன்னும் சில மாதம்தான். அவனைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வருகிறாள் நோ உல் (சூஸி). அவள் அப்பா ஒரு கார் விபத்தில் இறந்தவர். இடித்த கார் நிற்காமல் போய்விட்டது. ஓட்டியது ஒரு பெரிய இடத்துப் பெண். அந்த வழக்கைப் புதைத்தவர் ஓர் அரசு வழக்கறிஞர். அவர்தான் ஜூன்-யங்கின் அப்பா, ஆனால் அப்படி ஒரு மகன் இருப்பது அவருக்கே தெரியாது. ஜூன்-யங் சட்டம் படித்த நாளில், அப்பாவைக் காப்பாற்ற, ஆதாரம் இருந்த பையை நோ உல்லின் கையிலிருந்து பிடுங்கியவன். துரத்தி ஓடிய அவள் காரில் அடிபட்டாள். அந்தக் குற்ற உணர்ச்சியில் படிப்பை விட்டு நடிக்கப் போனான்.

எவ்வளவு நல்ல கரு பாருங்கள்! மகன் அரசு வழக்கறிஞர் ஆகவேண்டும் என்று கனவு கண்ட அம்மா, படிப்பை விட்ட மகனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவன் ஏன் விட்டான் என்பதை அவளிடம் சொல்லவும் முடியாது. இந்தச் சிக்கல் ஒன்றே 20 எபிசோடு தாங்கும். ஆனால் எழுதியவர் லீ கியுங்-ஹீ இதை நம்பவில்லை, நோயைத்தான் நம்பினார்.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். ஒரு ஊழியர் மேல் குற்றச்சாட்டு, குறிப்பாணை, விளக்கம், விசாரணை என்று கோப்பு தடித்துக்கொண்டே போகும். நடுவில் அவர் காலமாகிவிட்டால், 'நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவோம். குற்றம் செய்தாரா, இல்லையா என்ற கேள்வி அப்படியே பீரோவுக்குள் போய்விடும். இந்தத் தொடரிலும் அதுதான் நடக்கிறது. அப்பாவுக்கான நியாயத்தைத் தன் கையிலிருந்தே பிடுங்கியவனை நோ உல் என்ன செய்யவேண்டும்? கேள்வி கூர்மையாகும்போதெல்லாம் அவனுக்குத் தலைவலி வருகிறது, மயங்கி விழுகிறான், ஞாபகம் தப்புகிறது. அவளுக்குக் கோபப்படக்கூட அவகாசம் தரவில்லை.

என் மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "சாகப்போறவன்கிட்ட போய் கணக்கு கேப்பீங்களா?" என்றாள். நான் கேட்கவில்லை, அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும் என்றேன். "உங்களுக்கு எல்லாமே ஆபீஸ் ஃபைல்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அழவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மெலோட்ராம் என்பதே பிரெஞ்சுச் சொல். 19ஆம் நூற்றாண்டில் பாரீசில் இந்த நாடகங்கள் நடந்த தெருவுக்கு, மேடையில் அத்தனை கொலை விழுந்ததால், 'குற்றத் தெரு' என்றே பட்டப்பெயர். நாமும் 'வாழ்வே மாயம்' பார்த்து அழுதவர்கள்தானே. இதே லீ கியுங்-ஹீ 2004இல் 'ஐயாம் சாரி, ஐ லவ் யூ' எழுதினார். அதிலும் நாயகன் சாகப்போகிறவன்தான், தலையில் துப்பாக்கிக் குண்டு. தன்னைக் கைவிட்டதாக அவன் நினைக்கும் அம்மா, அவன் யாரென்றே தெரியாமல் அவனுக்கு ராம்யன் சமைத்துப் போடுகிறாள். கடைசிவரை அவளுக்குத் தெரியவே தெரியாது. அங்கே சாவு எந்தக் கணக்கையும் தீர்க்கவில்லை. அந்த எபிசோடு முடிந்தபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதில் எல்லாம் தீர்ந்து, காதலி தோளில் சாய்ந்து நாயகன் கண்ணை மூடும்போது நான் மணி பார்த்தேன்.

சூஸியைக் குறைசொல்ல மாட்டேன், அந்தப் பெண்ணுக்கு அழுவதும் ஓடுவதும் தவிர எழுதிக்கொடுத்தது குறைவு. அம்மாவாக வரும் ஜின் கியுங்கும் கிம் ஊ-பின்னும் சேரும் காட்சிகள் மட்டும் வேறு தரம். உலகமே கொண்டாடும் நட்சத்திரம் அம்மாவின் சாப்பாட்டுக் கடையில், திட்டாவது வாங்கலாம் என்று வந்து நிற்கிற அழகைப் பாருங்கள். அந்தக் காட்சிகளில் அவன் நோயாளி என்பதே எனக்கு மறந்துபோனது.

தொடர் முடிந்த மறு ஆண்டு, 2017 மே மாதம், கிம் ஊ-பின்னுக்கே மூக்குத்தொண்டைப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. நடிப்பை நிறுத்திச் சிகிச்சைக்குப் போனான். நான் இந்தத் தொடரைப் பார்த்தது அதெல்லாம் தெரிந்தபிறகு. அதனால் ஆஸ்பத்திரிக் காட்சிகளைத் தள்ளி ஓட்டிவிட்டேன், ஒன்றும் நஷ்டமில்லை.

தேறி வந்து 2022இல் 'ஆவர் ப்ளூஸ்' தொடரில் ஜேஜு தீவின் படகுக்காரனாக நடித்திருக்கிறான். காதலியின் இரட்டைச் சகோதரிக்கு டௌன் சிண்ட்ரோம். அவளை முதலில் பார்த்ததும் திகைத்து நிற்கிறான். பிறகு காதலியிடம், இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை, எப்படி நடந்துகொள்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் திகைத்தேன் என்ற பொருளில் பேசுகிறான். சாக்குச் சொல்வது போலவே இல்லை. என் மனைவியும் அன்று எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நேரமிருப்பவர்கள் அதைப் பாருங்கள். 'அன்கன்ட்ரோலபிளி ஃபாண்ட்' பார்த்தே தீருவேன் என்கிறவர்கள், அம்மா வரும் இடங்களை மட்டும் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.