நாடி துடிக்காத கை! டாக்டர் பார்ப்பது ஒன்று. நோயாளி படுவது வேறு

கையைப் பிடித்துப் பார்க்கிறார் டாக்டர். மணிக்கட்டில் நாடி துடிக்கவில்லை. ஆனால் கைக்கு உரிய பெண்ணோ எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டு இருக்கிறாள்!

இப்படியும் ஒரு வியாதி இருக்கிறது. "தகயாசு நோய்" என்று அதற்குப் பெயர். தகயாசு என்பவர் ஜப்பான் நாட்டுக் கண் டாக்டர். ஒரு இளம் பெண்ணின் கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் விசித்திரமாக வளையம் போட்டு இருப்பதைக் கண்டார். அதை 1908-ம் ஆண்டில் டாக்டர்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். அதே மாதிரி நோயாளியைப் பார்த்த வேறு டாக்டர்களும் அங்கே இருந்தார்கள். அந்த நோயாளிகளுக்குக் கையில் நாடியும் கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். "நாடி இல்லா நோய்" என்ற பெயரும் பின்னால் வந்து சேர்ந்தது.

இது அபூர்வ வியாதி. ஆசியாவில் கொஞ்சம் அதிகம். பெரும்பாலும் பெண்களைத்தான் பிடிக்கிறது. அதிலும் 40 வயதுக்குள்.

என்ன நடக்கிறது?

இதயத்தில் இருந்து ஒரு பெரிய ரத்தக் குழாய் புறப்படுகிறது. அதில் இருந்து கை, மூளை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் கிளைகள் போகின்றன. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே இந்தக் குழாய்களின் சுவரைத் தாக்குகிறது. வேலி பயிரை மேய்ந்த கதைதான். சுவர் வீங்கித் தடிக்கிறது. இதை "அழற்சி" என்பார்கள். சுவர் தடித்தால் உள்ளே வழி குறுகும். கைக்குப் போகும் வழி அடைபட்டால் அந்தக் கையில் நாடி கிடைக்காது. சிறுநீரகத்துக்குப் போகும் வழி குறுகினால் ரத்தக் கொதிப்பு ஏறும். இந்தியாவில் இந்த இரண்டாவது வகை நிறைய உண்டு.

ஏன் தாக்குகிறது? இதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இது ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

"நாடி இல்லை" என்று டாக்டர் சொன்னால், இந்த ஒரு குழாயில் ரத்தம் சரியாகப் போகவில்லை என்று பொருள். வீட்டார் காதில் அது எப்படி விழும்? நம் ஊர்களில் "நாடி விழுந்துவிட்டது" என்றால் உறவுக்காரருக்குச் சொல்லி அனுப்புவார்கள்! ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுகை தொடங்கிவிடும்.

உண்மை அவ்வளவு பயங்கரம் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிலைய டாக்டர்கள் 88 நோயாளிகளைக் கவனித்து 1989-ல் எழுதினார்கள். நோய் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 100-க்கு 80 பேருக்கு மேல் உயிருடன் இருப்பார்கள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இன்றைக்கு மருந்துகளும் கூடியிருக்கின்றன. இந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம்தான் பல இடங்களில் கிடைப்பது இல்லை.

திருத்தங்கலில் ஒரு பெண்

திருத்தங்கலில் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவளுக்குக் குழாயும் தெரியாது, அழற்சியும் தெரியாது. "கை ஓய்ஞ்சு போகுது" என்பாள். சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. கையை ஓட்டி வேலை செய்தால் சிறிது நேரத்தில் கடுப்பு. வைத்துவிட்டால் சரியாகிவிடும். பார்ப்பவர்களுக்கு இது சோம்பல் மாதிரித்தான் தோன்றும்! எத்தனை முடித்தோமோ அத்தனைக்குத்தான் கூலி என்ற இடத்தில், ஓய்கிற கை என்றால் குறைகிற அரிசி.

முதலில் பார்க்கும் டாக்டரும் "ரத்தம் போதாது" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பலாம். நாட்டில் சோகை அதிகம், தகயாசு அபூர்வம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. அடைபட்ட கையில் ரத்த அழுத்தம் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். உள்ளே கொதிப்பு ஏறிக்கொண்டு இருந்தாலும் தெரியாது. ஆகவே இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். இரண்டிலும் நாடி மங்கினால் காலிலும் பார்க்க வேண்டும். இதற்குத் தனியாக எந்த மெஷினும் வேண்டாம்.

மார்க் போடும் டாக்டர்கள்

நோய் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த கருத்து வேற்றுமை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் தேபாஷிஷ் தாண்டா, லக்னோ டாக்டர் ராம்நாத் மிஸ்ரா முதலியோர் சேர்ந்து இந்த நோய்க்கு ஒரு மார்க் முறை உண்டாக்கினார்கள். 2013-ல் அது வெளிவந்தது. வெளிநாட்டாரும் எடுத்துக்கொண்ட இந்தியச் சரக்கு! நாடி, கொதிப்பு, தலைவலி என்று 44 விஷயங்களைப் பார்த்து மார்க் போட வேண்டும். ஆனால் கடந்த மூன்று மாதத்தில் புதிதாக வந்தது, அல்லது கூடியது, இவற்றுக்கு மட்டுமே மார்க்.

இது ஏன்? பழைய தழும்பு வேறு. இன்று எரியும் நெருப்பு வேறு. நெருப்பு எரிகிறதா என்று தெரிந்தால்தான் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். டாக்டருக்கு இது சரியான கணக்கு.

நோயாளிக்கு? இரண்டு வருஷமாக ஓயும் கை இன்றும் ஓய்கிறது. அது புதிது அல்ல. ஆகவே மார்க் சைபர்! "நோய் அடங்கிவிட்டது, சந்தோஷம்" என்கிறார் டாக்டர். பிறகு ஏன் குடம் தூக்க முடியவில்லை என்று அவள் விழிக்கிறாள். இருவர் சொல்வதும் உண்மைதான்.

அமெரிக்காவிலும் துருக்கியிலும் இந்த நோயாளிகளிடமே கேட்டு 2018-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அவர்கள் முக்கியமாகச் சொன்னவை வலி, களைப்பு, மனவேதனை. இவற்றை ஸ்கேன் படம் காட்டுமா?

எதிர்ப்பக்கமும் உண்டு

"எனக்கு நன்றாக இருக்கிறது" என்று நோயாளி சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. 1994-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. நோய் அடங்கியதாக நினைத்தவர்களுக்கு ஆபரேஷன் செய்தபோது ரத்தக் குழாய்த் துண்டுகளைச் சோதித்தார்கள். 100-க்கு 44 பேரிடம் அழற்சி இன்னும் இருந்தது! டாக்டர் திரும்பத் திரும்ப வரச்சொல்வதும் ஸ்கேன் கேட்பதும் இதற்காகத்தான்.

மாத்திரையில் வருவது பெரிய சண்டை. ஸ்டீராய்டு மாத்திரை அழற்சியை அடக்கும். கூடவே முகத்தை உப்ப வைக்கும். "என்ன தாயி, நல்லா ஊதிட்டே!" என்று தெருவில் கேட்பார்கள். கல்யாணம் பேசும் வயதுப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும்? டாக்டர் அதைப் "பக்கவிளைவு" என்கிறார். அவளுக்கு அதுதான் முன்னால் நிற்கும் விளைவு. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறாள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, நோயும் திரும்பலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குழந்தை விஷயமும் அப்படியே. இந்த நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் மாத்திரைகளைக் கர்ப்ப காலத்தில் சாப்பிடக் கூடாது. முன்கூட்டியே சொன்னால் மருந்தை மாற்றலாம். நோய் அடங்கி இருக்கும்போது டாக்டர் கண்காணிப்பில் குழந்தை பெற்றவர்கள் உண்டு. ஆனால் அவராகக் கேட்பார் என்று இவளும், இவளாகச் சொல்வாள் என்று அவரும் இருந்துவிடுகிறார்கள்.

திருத்தங்கலில் இருந்து வேலூர் 400 கிலோமீட்டருக்கு மேல். போய் வந்தால் கூலியும் போகும். 2022-ல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரையும் எட்டும் தூரம்தான். எங்கே போனாலும் மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். எந்த வேலையில் கை ஓய்கிறது, எந்த மாத்திரை விட்டுப்போயிற்று, குழந்தை வேண்டுமா. எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக்கொடுக்கும்.