அறிவுரை நமது, உடல் அவர்களது



விளையாட்டைப் பற்றிப் பேசாத வீடு இன்று அரிது. மாலையில் பந்தாடிவிட்டுத் திரும்பும் மகன், பள்ளி ஓட்டப் பந்தயத்திற்கு ஆயத்தமாகும் மகள், மருத்துவர் சொற்படி நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யும் தந்தை என ஒவ்வொரு குடும்பத்திலும் உடலைப் பழக்குவோர் இருக்கின்றனர். என்ன உண்பது, எவ்வளவு நீர் அருந்துவது, தசை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. இவற்றை ஆராய்ந்து விடை காண முற்படும் துறையே விளையாட்டு அறிவியல். இன்று அது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. வீரரும் பயிற்சியாளரும் பெற்றோரும் கூடுமிடமெல்லாம் அது பேசப்படுகிறது.

இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மற்ற உரையாடல்களுக்கு இல்லாத ஒரு பொறுப்பு இதற்கு உண்டு. நேற்றைய ஆட்டத்தைப் பற்றி ஒருவர் தவறாகப் பேசினால், அதனால் எவருக்கும் கேடில்லை. உடற்பயிற்சியைப் பற்றித் தவறாகப் பேசினாலோ, அதற்கு விலை கொடுப்பது கேட்டவரின் உடல். இதற்கு நெடுந்தூர ஓட்டத்தின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

ஒரு காலத்தில் ஓட்டத்தின் நடுவே நீர் அருந்துவது பலவீனம் என்று கருதப்பட்டது. பின்னர் அக்கருத்து முற்றிலும் தலைகீழாக மாறியது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இயன்ற அளவு நீர் அருந்துக என்பதே எங்கும் அறிவுரையாயிற்று. 1981ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுள்ள காம்ரேட்ஸ் ஓட்டத்தில் கலந்துகொண்ட ஒரு பெண் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் உடலில் நீர் குறைந்திருக்கவில்லை. அளவுக்கு மீறி மிகுந்திருந்தது. மிகுந்த நீரால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்துவிட்டால் மூளை வீங்கும். உயிருக்கே ஆபத்து நேரும். அந்நாட்டு மருத்துவர் டிம் நோக்ஸும் அவருடைய குழுவினரும் இத்தகைய நால்வரைப் பற்றி 1985ஆம் ஆண்டு ஆய்விதழ் ஒன்றில் எழுதினர்.

எச்சரிக்கை வந்துவிட்டது, ஆனால் அறிவுரை மாறவில்லை. வியர்வையில் இழந்த நீர் முழுவதையும் ஈடுசெய்யும் அளவிற்கோ, உடல் தாங்கும் அளவிற்கோ அருந்துமாறு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் 1996ஆம் ஆண்டிலும் கூறியது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓர் இளம்பெண் சோடியக் குறைவால் உயிரிழந்தார். அதே ஓட்டத்தில் பங்குகொண்ட 488 பேரின் இரத்தத்தை ஆய்வாளர்கள் சோதித்தனர். அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பான அளவிற்குக் கீழே இருந்தது 2005ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில் தெரியவந்தது. ஓடி முடித்தபோது உடல் எடை கூடியிருந்தவர்களிடமே இக்குறை மிகுதியாகக் காணப்பட்டது. 2007ஆம் ஆண்டு அக்கழகம் தன் அறிவுரையைத் திருத்தியது. 2015ஆம் ஆண்டு இத்துறை வல்லுநர்கள் கூடி, தாகத்திற்கேற்ப அருந்துவதே இத்தீங்கினின்று காக்கும் வழி என்று அறிவித்தனர்.

'நிறையத் தண்ணீர் குடி' என்றவர்களில் எவரும் தீய எண்ணத்தோடு அப்படிச் சொல்லவில்லை. கடும் வெயிலில் நீரின்றி ஓடுவதும் ஆபத்தே. ஒருவருக்கு ஓரிடத்தில் பொருந்துவது, எவ்வளவு, யாருக்கு, எப்போது என்னும் வரம்புகளை இழந்து வாய்வழியாகப் பரவியதே தீங்காயிற்று. எனவே, இத்தகைய உரையாடலில் பங்குகொள்வோர் சில நெறிகளை மனத்தில் இருத்துதல் நலம்.

முதலாவது, நாம் கூறுவது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக் கூறுவோம். அது நம் சொந்த அனுபவமா, பயிற்சியாளர் சொன்னதா, ஆய்வில் கண்டதா? மூன்றும் மதிப்புடையவையே, ஆனால் ஒரே எடையுடையவை அல்ல. பலர் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. கடும் பயிற்சிக்கு மறுநாள் தசை வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் தேங்கியிருப்பதே காரணம் என்று இன்றும் பலர் கூறக் கேட்கிறோம். ஆனால் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் அதன் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ ஓரிரு நாள் கழித்தே உச்சத்தை அடைகிறது.

இரண்டாவது, யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்வோம். விளையாட்டு அறிவியல் ஆய்வுகள் பல, சிறு எண்ணிக்கையிலான இளைஞர்களை, அதிலும் பெரும்பாலும் ஆண்களை வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் முடிவை ஐம்பது வயதுத் தாய்க்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் அப்படியே ஏற்றிக் கூறுவது முறையன்று. வினவுவோரும் தம் வயது, பயிற்சியின் அளவு, முன்பிருந்த நோய் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு வினவ வேண்டும். அரைகுறையான வினாவிற்கு முழுமையான விடை எவ்வாறு கிடைக்கும்?

மூன்றாவது, நமக்கு ஆதாயம் இருப்பின் அதை மறைக்கலாகாது. சத்துமாவு விற்பவர் சத்துமாவின் சிறப்பைப் பேசலாம். தாம் விற்பவர் என்பதையும் சொல்லிவிட்டே பேச வேண்டும். கேட்பவர் அச்சொல்லை எடைபோட அது உதவும்.

நான்காவது, கருத்தை மறுப்போம். மனிதரை இகழ வேண்டாம். நீர் அருந்துவது பற்றிய வழக்கு ஏச்சினால் தீரவில்லை. இரத்தத்தை அளந்து, எடையை நிறுத்துப் பார்த்தபோதுதான் தீர்ந்தது. 'உனக்கென்ன தெரியும்?' என்று கேட்பவர் உரையாடலின் வாயிலை அடைத்துவிடுகிறார். 'இதற்குச் சான்று என்ன?' என்று கேட்பவரோ அதைத் திறந்து வைக்கிறார். புதிதாய் வந்து எளிய வினா எழுப்பும் இளைஞனை நகைப்பதும் தகாது. இங்கே விடை கிடையாதெனில், அவன் வேறெங்கோ தவறான விடையைத் தேடிப் போவான்.

ஐந்தாவது, புதிய சான்று வரும்போது பழைய கருத்தைக் கைவிடும் துணிவு வேண்டும். அடிபட்ட தசைக்கு ஓய்வு, பனிக்கட்டி ஒற்றடம், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒரு தொகுப்பாக 1978ஆம் ஆண்டு தம் நூலில் வழங்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின். உலகெங்கும் பயிற்சியாளர்கள் அதைப் பின்பற்றினர். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014ஆம் ஆண்டு எழுதியவரும் அவரே. தம் பெயருக்குப் புகழ் தேடித்தந்த அறிவுரையையே திருத்த முன்வந்தது அவருக்குப் பெருமையே அன்றி இழுக்கன்று.

ஆறாவது, நம் எல்லையை அறிவோம். நேரில் காணாத முழங்காலுக்கு நோய்ப் பெயர் சூட்டுவதும் மருந்து சொல்வதும் நம் பணியல்ல. பயிற்சியின்போது மார்பில் வலி வந்தாலோ, மயக்கம் ஏற்பட்டாலோ, உரையாடலை அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதோ என்னும் ஐயம் இருந்தால், அன்றைய தினம் அவரை மீண்டும் ஆட விடலாகாது. ஆட்டம் எவ்வளவு முக்கியமானதாயினும் இதில் விலக்கில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பயிற்சியைப் பற்றிய ஒரு புதுச் செய்தியுடன் வீட்டிற்கு வரும்போது, உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே ஏற்கவும் வேண்டாம். யார் சொன்னது, எதைக்கொண்டு சொன்னார், உனக்கு அது பொருந்துமா என்று மூன்று வினாக்களை அமைதியாகக் கேளுங்கள். இவ்வழக்கம் வீட்டில் வேரூன்றிவிட்டால், பிள்ளைகள் நாளை தம் தோழருக்கு அறிவுரை கூறும்போதும் இதே வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்வார்கள். நம் சொல்லை நம்பி ஓடுகிறவர் நலமாய் வீடு திரும்ப வேண்டும் என்னும் அக்கறையோடு பேசுவோமாக!