மணிமேகலை ஏன் சாக வேண்டும் என்று கேட்டால் தப்பா?

நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக நடப்பதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் காரம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு படித்தவள் ஒருத்தி. இன்று ஒடுகத்தூரில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் போய் ஷூ தைக்கிறாள். போகிற வருகிற நேரத்தில் செல்போனிலேயே 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் படித்து முடித்துவிட்டாள். குழுவில் நாலு வரி எழுதினாள். வந்தியத்தேவன் அடிக்கும் கூத்தில் பஸ்ஸிலேயே சிரித்துவிட்டாளாம். ஆனால் மணிமேகலையைக் கடைசியில் சாகடித்தது அநியாயமாம். அவ்வளவுதான்.

வந்த பதில்கள் இருக்கிறதே! "ராஜா ராணி காதல் கதை, இதெல்லாம் இலக்கியமா?" என்றார் ஒரு இன்ஜினியர். "கல்கியைக் குறை சொல்ல நீ யார்?" என்றார் இன்னொருவர். ஒருவருக்கு அந்த நாவல் குப்பை, மற்றவருக்கு வேதம். அவள் வாயை மூட வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

கல்கி யாருக்காக எழுதினார்? 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதை அது. அடுத்த இதழுக்குக் காத்திருந்தவர்கள் பண்டிதர்கள் மட்டுமா? கதை முடிந்ததும், முடிவு திருப்தியில்லை, இன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். 'நீ யார்' என்று அவர் கேட்கவில்லை. தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார்.

இன்ஜினியர் தம்பி, 2022-இல் படம் வந்தபோது முதல் நாள் டிக்கெட்டைப் படம் பிடித்துப் போட்டது நீதானே? அந்த வந்தியத்தேவனின் வாணர் குலம் ஆண்ட வல்லம்தான் நம் திருவல்லம். அருள்மொழியின் தாத்தா அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை மேல்பாடியில் இருக்கிறது. காட்பாடியிலிருந்து எட்டிப் போகிற தூரம். போயிருக்கிறாயா? அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்விட்டு வந்தாள். காதல் கதைதான் கூட்டிப்போயிற்று.

அவள் கேள்வியும் லேசானதல்ல. வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. ஆகவே கற்பனைப் பெண் மணிமேகலை வழிவிட்டாக வேண்டும், சரி. ஆனால் பூங்குழலியும் கற்பனைதானே? அவளுக்கு மட்டும் சோழ சிம்மாசனத்தில் பாதி கிடைத்தது. இவளுக்குப் புத்தி கலங்கிச் சாவு. கதை முடிய வசதி என்பதற்காக ஒரு பெண்ணைக் கொல்லலாமா என்றுதான் அவள் கேட்கிறாள். நாற்பது வருஷம் தமிழ் நடத்தினேன், வகுப்பில் ஒருத்தரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

பதில் வைத்திருப்பவர்கள் ஐந்தாம் பாகத்தைப் படித்துவிட்டு வந்து எழுதுங்கள். சீக்கிரம் வாருங்கள், அவள் சாண்டில்யனின் 'கடல் புறா'வை ஆரம்பித்துவிட்டாள்.